குஷனைக் கழற்றும் முன் சொல்ல வேண்டியது

பேய் என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது என்பதை, மனிதகுலத்திலேயே முதன்முறையாக, ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தவன் ஒரு கார் பட்டறையில் பின் சீட்டுக் குஷன் கழற்றி மாட்டுகிறவன். பட்டறையில் அவனுக்குப் பெயர் விஞ்ஞானி. அவனுக்கு முன்னால் இந்தக் கேள்வியில் கைவைத்த பெரிய மனிதர்கள் எல்லாரும் கோட்டைவிட்டதற்குக் காரணம், அவர்கள் பேயைப் பாழடைந்த பங்களாவிலும் சுடுகாட்டிலும் தேடியதுதான். காணாமல் போகிற எதுவும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் காரின் பின் சீட்டுக்கு அடிதான் என்கிற சின்ன விஷயம் அவர்களுக்கு எட்டவில்லை.

விஞ்ஞானியின் வாதம் ரத்தினச் சுருக்கமானது. ஹேர்பின், பேனா மூடி, ஒற்றைக் கம்மல், பாதி கடித்து ஒளித்துவைத்த பிஸ்கட், மொட்டைத் தலைக்காரர் ஒருவரின் காரில் நீளமான முடி சிக்கிய சீப்பு, ஒரு தடவை மேல்வரிசைப் பல்செட்டு முழுசாக. எல்லாம் அவன் கையாலேயே எடுத்தவை. "உயிரோட இருக்கறவங்களே இவ்வளவு விட்டுட்டுப் போறாங்க. செத்தவங்க யாராவது வண்டியில சுத்திக்கிட்டிருந்தா ஒரு நகத்துண்டாவது கெடைச்சிருக்காதா? கெடைக்கல. அப்ப இல்ல. கேஸ் முடிஞ்சுபோச்சு" என்பான். இதை இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை. யாரும் காதுகொடுத்துக் கேட்டதும் இல்லை என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அவன் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். பட்டம் வாங்கவில்லை என்று மாமா சொல்வார். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் என்று இவன் சொல்வான். விழாவுக்கு முன்னால் நடந்த சில தேர்வுகளுக்கும் போகவில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

பட்டறை குடும்பப் பட்டறை. வாசலை ஒட்டி அக்காவின் தையல் மெஷின்; சீட் கவர் எல்லாம் அவள் கைவேலை. உள்ளே வயரிங், விளக்கு, பேட்டரி என்று மின்சாரம் ஓடுகிற எதுவும் அவள் புருஷன் பொறுப்பு. அவர்தான் மாமா. சீட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் பெரும்பாலும் தம்பியின் துறை. துறை என்றுதான் அவன் சொல்வான்.

இந்தப் பட்டறையில் வேறெங்கும் இல்லாத பழக்கம் ஒன்று உண்டு. பின் சீட்டுக் குஷனைக் கழற்றுவதற்கு முன்னால் பின் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, "கொஞ்சம் எறங்குங்க" என்று சொல்ல வேண்டும். திரும்ப மாட்டி முடித்ததும் "ஏறிக்கோங்க" என்று சொல்ல வேண்டும். வண்டி காலியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வருகிற வண்டி காலியாகத்தான் இருக்கும்.

காலியாக இல்லாமல் வந்த ஒரே வண்டிதான் இந்தப் பழக்கத்துக்குக் காரணம். ஒரு குடும்பம் காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பின் சீட்டில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரை மறந்துவிட்டுப் போய்விட்டது. மாமா எப்போதும்போலக் குஷனின் முன் விளிம்புக்குக் கீழே கைவிட்டு, கிளிப் விடுபட வெடுக்கென்று மேலே இழுத்தார். மாமனார் உருண்டுபோய் முன் சீட்டுகளுக்கு நடுவில் தலைகுப்புற விழுந்தார். "வந்துட்டமா?" என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்கு அக்கா போட்ட சட்டம் இது. மாமா மறுபேச்சுப் பேசாமல் கடைப்பிடித்தார். தான் போடுகிற சட்டங்களில் மறுபேச்சுக்கு அக்கா இடம் விட்டுத் தைப்பதில்லை.

விஞ்ஞானி மட்டும் அடங்கவில்லை. "காலி சீட்டுக்கு எதுக்குக்கா மரியாதை? நாளைக்கு உன் ஸ்டூல்கிட்டயும் கேட்டுட்டுதான் உக்காருவியா?" என்பான். மாமா உள்ளே குனிந்து "கொஞ்சம் எறங்குங்க" என்னும்போது, பின்னாலிருந்து குரலை மாற்றி, "செருப்பைக் காணோம், தேடிட்டு எறங்கறேன்" என்பான். தன் முறை வந்தால் வாயே திறக்காமல் குஷனைத் தூக்கிவிடுவான். அக்கா முறைத்தால், அறிவியலுக்காகப் பாடுபட்டவர்கள் எல்லாருமே வீட்டில் திட்டு வாங்கியவர்கள்தான் என்று விளக்குவான்.

ஒரு மதியம், சாப்பிட்ட கையை இன்னும் துடைக்காத நேரத்தில், டாக்சிக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியவர் பின்பக்கத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"என்ன அண்ணே பிரச்சனை?" என்றார் மாமா.

"ஆள் இருக்காருங்குது."

"யாரு?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

விஷயம் இதுதான். பின் சீட்டில் இடது ஓரத்தில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக வண்டி சொல்கிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. விடாமல் பீப் பீப் என்று கத்துகிறது. அங்கே யாரும் இல்லை. காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்கிறது. அதனால் இவர் தினமும் காலையில் காலி சீட்டுக்கு பெல்ட் மாட்டிவிட்டுத்தான் சவாரிக்குக் கிளம்புகிறார்.

"அப்படியே ஓட்ட வேண்டியதுதானே?" என்றான் விஞ்ஞானி.

"ஓட்டினேன் தம்பி. போன வாரம் ஒரு அம்மா ஏறினாங்க. இந்த பெல்ட் யாருக்குன்னாங்க. யாருக்கும் இல்லம்மா, சும்மா மாட்டியிருக்கேன்னேன். கழட்டுங்க, பையை வைக்கணும்னாங்க. கழட்டினேன். கத்த ஆரம்பிச்சிருச்சு. அந்தம்மா பையையும் தூக்கிக்கிட்டு நடுரோட்லயே எறங்கிப் போயிட்டாங்க."

"புகார் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. கேக்காம இன்னொரு ஆளை வண்டியில ஏத்தியிருந்தேன்னு."

மாமா சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். டாக்சிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி இன்னொரு புகார் வந்தால் வண்டியோடு சேர்த்து ஆளையும் எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விட வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் மூன்று பேர். "பின்னாடி எடம் வேணுங்க" என்றார், யாரிடமோ அனுமதி கேட்பது மாதிரி.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நல்ல மழைங்க அன்னிக்கு. ரோட்டோரமா ஒருத்தர் நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. கை காட்டினாரு, ஏத்திக்கிட்டேன். எங்க சார் போகணும்னேன். போங்க, சொல்றேன்னாரு. போய்க்கிட்டே இருந்தேன். சிக்னல்ல திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். சொல்லாம எறங்கிட்டாருன்னு நெனச்சேன்."

"கதவு தெறந்த சத்தம் கேட்டிருக்குமே?"

"மழைங்க" என்றார் டாக்சிக்காரர். பின் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏறினது நல்லாத் தெரியும்" என்றார்.

விஞ்ஞானிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இப்படி ஒரு கதை தானாக வீடு தேடி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "நனைஞ்ச ஆள், நனைஞ்ச சீட், நனைஞ்ச சென்சார். இதுக்குப் போயி பயந்துக்கிட்டு! குஷனுக்குள்ள தகடு மாதிரி ஒண்ணு இருக்கும். வெயிட் விழுந்தா சிக்னல் குடுக்கும். அதுல தண்ணி எறங்கியிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை" என்று கதவைத் திறந்தான்.

திறந்தவன் ஒரு கணம் நின்றான். மாட்டியிருந்த பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால் தள்ளி, சாப்பாட்டில் குறைவைக்காத ஒருவரின் தொப்பைமேல் கிடப்பது மாதிரி வளைந்து நின்றது. கையால் அழுத்தினான். உள்ளே போயிற்று. கையை எடுத்ததும் மெதுவாக முன்னால் வந்தது. பிறகு கொஞ்சம் பின்னால் போனது. பிறகு முன்னால் வந்தது.

"பெல்ட் சுருள் மாட்டிக்கிட்டிருக்கு" என்று சத்தமாகச் சொன்னான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டான். மெஷினிலிருந்து தலைதூக்காமலே அக்கா, "எறங்கச் சொல்லிட்டு எடுடா" என்றாள்.

புது ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விஞ்ஞானி சும்மா இருப்பானா? இடுப்பை வளைத்துக் குனிந்து, கையை நீட்டி, காலி சீட்டைப் பார்த்துச் சொன்னான்: "நீங்க உக்காந்தே இருங்க சார். உங்களை எதுக்கு எழுப்பிக்கிட்டு? சீட்டோட சேத்துத் தூக்கிட்டுப் போறேன்."

மாமா சிரித்தார். மெஷின் நின்றது. டாக்சிக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

வலப்பக்கக் கிளிப் ஒரே இழுப்பில் விட்டது. இடப்பக்கம் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். கதவு ஓரத்தில் காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தபோது ஒருவழியாக விட்டது. ஆனால் எழும்பவில்லை. வேண்டா வெறுப்பாக, ஒரு பக்கம் சாய்ந்தபடி, கனத்துக்கொண்டு வந்தது. கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, "ஈரம் குடிச்சிருக்கு. ஒரு கை பிடிங்க அண்ணே" என்றான்.

டாக்சிக்காரர் வலது முனையைப் பிடித்தார். "பாத்துத் தம்பி, எல்லாம் உங்க பக்கமே சாயுது" என்றார். குஷனை வேலைமேசைமேல் இறக்கியதும் மேசையின் ஒரு கால் கிரீச் என்றது. விஞ்ஞானி குஷனின் அடியைத் தடவிப் பார்த்தான். காய்ந்த துணி. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மூச்சு வாங்க, வண்டிக்குள் தலையை நீட்டினான். தன் ஆராய்ச்சியில் இந்தக் கட்டத்தை மட்டும் அவன் எப்போதும் விட்டுவைப்பதில்லை. வலப்பாதியில் எல்லா வண்டியிலும் இருப்பதெல்லாம் இருந்தது: மணல், மிட்டாய்த் தாள், பொத்தான், யாரோ தொலைத்த ஒரு சாவி. இடப்பாதியில் ஒன்றும் இல்லை. தூசிகூட இல்லை. தகரம் கழுவித் துடைத்த தட்டு மாதிரிப் பளபளவென்று இருந்தது. எதையாவது கண்டெடுத்துத்தான் இதுவரை அவன் ஒன்றும் இல்லை என்று நிரூபித்திருக்கிறான். ஒன்றுமே இல்லாத இடத்தை வைத்து எதை நிரூபிப்பது என்று அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

கவரின் விளிம்பில் இருந்த வளையங்களை வெட்டி, துணியை உரித்து, சென்சாரை எடுத்து மாமாவிடம் கொடுத்தான். எக்ஸ்ரே படம் மாதிரி மெல்லிய தகடு. மாமா மீட்டரை வைத்துப் பார்த்தார். அழுத்தினார், விட்டார், திருப்பினார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. அழுத்தினா ஆள் இருக்குங்குது, விட்டா இல்லங்குது. பொய் சொல்ற சாதியாத் தெரியல."

"அப்ப வயர்ல கோளாறு. சென்சாரே இல்லாம மாட்டிப் பாக்கலாம். சென்சாரே இல்லன்னா யார் இருக்கான்னு அது எப்படிச் சொல்லும்?"

"அது நியாயம்" என்றார் மாமா. தகடு அவர் கையிலேயே இருந்தது.

குஷனை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெல்ட் பூட்டுகளைக் குஷனின் பொந்துகள் வழியாக வெளியே இழுத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாம் சீட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். விஞ்ஞானி மறக்கவில்லை. பின் விளிம்பைச் சாய்மானத்துக்குக் கீழே சொருகினான். முன் விளிம்பை வலப்பக்கம் முட்டிபோட்டு அழுத்தினான். டக். இடப்பக்கம் நகர்ந்து கையை ஓங்கினான்.

டக்.

அவன் கை இன்னும் காற்றில்தான் இருந்தது. குஷன் தானாக ஒரு அங்குலம் அமுங்கி, கிளிப்பில் உட்கார்ந்து, அப்படியே அமுங்கினபடி இருந்தது.

மாமா சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பீப், பீப், பீப்.

"மாப்ள" என்றார் மாமா, ரொம்ப நிதானமாக. "சென்சார் என் கையில இருக்கு."

பீப் சத்தம் வேகம் கூட்டிக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு சின்ன 'க்ளிக்' கேட்டது. பீப் நின்றது. இடது ஓரத்து பெல்ட் மாட்டியிருந்தது.

"நல்லவேளை மாட்டினே" என்றார் மாமா.

"நீங்க மாட்டலையா?"

"நான் முன்னாடி உக்காந்திருக்கேன்டா."

இருவரும் டாக்சிக்காரரைப் பார்த்தார்கள். அவர் பட்டறைக்கு வெளியே, தெருவில், எதிர் வரிசைக் கடையின் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

மாமா கீழே இறங்கினார். வயரிங்கில் எங்கோ ஒன்றோடு ஒன்று உரசுவதாகவும், அதைக் கண்டுபிடிக்கத் தலை தெளிவாக இருக்க வேண்டும் என்பதாகவும், தெளிவுக்கு டீ அவசியம் என்பதாகவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, டாக்சிக்காரரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். மனுஷன் மின்சாரத்துக்குப் பயப்படாதவர். இது மின்சாரமாக இருந்தால் டீ குடிக்கப் போயிருக்க மாட்டார்.

அக்கா பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள். கிளம்புகிறவள் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீதானே உக்காந்தே இருங்கன்னே?"

"அக்கா, நீ பேயை நம்பறியா?"

"பேயாவது பூதமாவது. எனக்கு வேற வேலை இல்ல பாரு. மரியாதை இல்லாமப் பேசினா யாரா இருந்தாலும் எடத்தைவிட்டு நகர மாட்டாங்க. நீயே நகர மாட்டே."

அவள் போய்விட்டாள். பட்டறையில் விஞ்ஞானியும் வண்டியும் மட்டும். இரண்டு பேர் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கணக்கில்தான் தகராறு.

அவன் அறிவியல் முறைப்படி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். வலது கிளிப் விட்டது. இடது கிளிப் விடவில்லை. இழுத்தான். உதைத்துக்கொண்டு இழுத்தான். நெம்புகோல் வைத்து நெம்பினான், நெம்புகோல் வளைந்தது. குஷனில் கை வைத்தபோது துணி ஜில்லென்று இருந்தது, மழையில் நனைந்த சட்டையைத் தொட்டது மாதிரி. கையை எடுத்துப் பார்த்தான். ஈரம் இல்லை. பெல்ட் அவன் முகத்துக்கு நேராக, முன்னால் வந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது.

தெருமுனை டீக்கடையிலிருந்து டாக்சிக்காரர் போனில் பேசுகிற குரல் கேட்டது. "வந்துடறேன் சார்... இல்ல சார், கரெக்டா வந்துடறேன்... ஆமா சார், காலி வண்டிதான்." கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்து, அதைச் சமாளிக்க அவர் இருமுவதும் கேட்டது.

விஞ்ஞானி வாசல்வரை போய்த் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தான். இடது பின் கதவை அகலமாகத் திறந்தான். தொண்டையைச் செருமினான்.

"கொஞ்சம் எறங்குங்க" என்றான். அது அவனுக்கே கேட்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை.

"அப்ப ஏதோ தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." கையைக் கட்டிக்கொண்டான். "கொஞ்சம் எறங்குங்க, சார்."

பெல்ட் பூட்டின் சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கியது. பெல்ட் விடுபட்டு, அவசரமில்லாமல், யாரோ கையில் பிடித்து விட்டுக்கொடுப்பது போல் கதவோரத் தூணுக்குள் சுருண்டுகொண்டது. குஷனின் பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. வண்டியின் பின்பக்கம், முட்டிவலிக்காரர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் எப்படி ஒரு பக்கம் தாழ்ந்து பிறகு எழும்புமோ, அப்படித் தாழ்ந்து எழும்பியது. திறந்திருந்த கதவு இன்னும் கொஞ்சம் திறந்து நின்றது. விஞ்ஞானி வழிவிட்டு ஒதுங்கினான். ஒதுங்கிய பிறகுதான் ஒதுங்கியது அவனுக்குத் தெரிந்தது. மழைவாசனை அவனைக் கடந்து பட்டறைக்குள்ளே போயிற்று.

இடது கிளிப் விரல் பட்டதுமே விட்டது. குஷன் காகிதம் மாதிரி வந்தது. சென்சாரை இருந்த இடத்தில் வைத்தான், கவரை இழுத்து வளையம் போட்டான், கனெக்டரைச் சொருகினான், பூட்டுகளை வெளியே எடுத்துவிட்டான், பின் விளிம்பைச் சொருகி முன் விளிம்பை அழுத்தினான். டக். டக். இரண்டும் அவன் முட்டிபோட்டு அழுத்தித்தான் விழுந்தன. சாவியைத் திருப்பினான். விளக்கு எரியவில்லை. சத்தம் இல்லை.

இனி சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறந்துவிட்டான். தெருவில் டாக்சிக்காரர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. விஞ்ஞானி வாயை மூடினான். பின் கதவையும் மூடினான், சத்தம் வராமல்.

"என்னடா பண்ணினே?" என்றார் மாமா, எரியாத விளக்கைப் பார்த்து.

"கனெக்டர் லூஸ்."

"கனெக்டரை நான் பாத்தேனே."

"நல்லாப் பாத்திருக்க மாட்டீங்க."

டாக்சிக்காரர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஜன்னல் வழியாகச் சிரித்தார். "சத்தமே இல்ல தம்பி. என்னவோ, பின்னாடி வெறிச்சுன்னு இருக்கு." கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்கால சவாரி எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது என்றும், பின்னால் மூன்று பேரும் தாராளமாக உட்கார்ந்து வந்தார்கள் என்றும் பிறகு மாமாவுக்குப் போன் செய்து சொன்னார்.

அக்கா திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "ஏறச் சொன்னியா?"

"நான் எறங்கவும் சொல்றதில்ல, ஏறவும் சொல்றதில்ல" என்றான் விஞ்ஞானி. இது பாதி உண்மை.

சாயங்காலம், பட்டன் தைக்கிற கைவேலைக்கு வெளிச்சம் தேடி, வாடிக்கையாளர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கம் போனாள் அக்கா. "இங்க யாருடா தண்ணியைக் கொட்டினது?" நாற்காலிக்குக் கீழே, இரண்டு கால் வைக்கிற இடத்தில், சின்னதாக ஈரம். துடைத்தாள். துணியைப் பிழிந்துவிட்டு வந்தால் மறுபடி ஈரம். கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஊரில் மழை பெய்து பல நாளாயிற்று. சரி கிடக்கட்டும் என்று உட்காரப் போனாள்.

"அங்க உக்காராத!"

மாமாவின் கையிலிருந்து ஸ்குரூடிரைவர் விழுந்தது. அக்கா பாதி குனிந்தபடியே நின்று தம்பியைப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கும்" என்றான் அவன்.

"நாற்காலி காஞ்சுதான்டா கெடக்கு."

"கால் ஒடைஞ்சிருக்கு. காலையில பாத்தேன். ஸ்டூல்லயே உக்காருக்கா."

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். கால் நான்கும் நன்றாக இருந்தன. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஸ்டூலுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் எப்போதும்போலத் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு தைக்கவில்லை. முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தைத்தாள்.

கடை கட்டுகிற நேரத்தில் அக்காவும் மாமாவும் பிள்ளையோடு முன்னால் கிளம்பினார்கள். "பூட்டிட்டு வந்துடு" என்றார் மாமா. "வீட்டுக்கு வந்ததும் சாவியை என் பையில போடு, காலையில நான்தான் முதல்ல வருவேன்" என்றாள் அக்கா. காலையில் எப்போதும் அவள்தான் முதலில் வருவாள். மாமாவும் தம்பியும் எழுந்து பல் துலக்கிச் சோம்பல் முறித்து வருவதற்குள் தனியாக ஒரு கவர் தைத்து முடித்திருப்பாள்.

விஞ்ஞானி விளக்கை அணைத்தான். ஷட்டரைப் பாதிவரை இறக்கினான். இருட்டில் நாற்காலி வெள்ளையாகத் தெரிந்தது. முதுகு கொஞ்சம் பின்னால் வளைந்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் கனமான ஆட்களைத் தாங்கும்போது கால் அகட்டி நிற்குமே, அப்படி நின்றது. அக்கா நாளைக் காலையில் இதே ஷட்டரைத் தனியாகத் தூக்குவாள். தூக்கினதும் அவள் பார்க்கப்போகிற முதல் பொருள் அந்த நாற்காலி.

அவன் ஷட்டரை மறுபடி மேலே தூக்கினான். முழுசாக, ஆள் குனியாமல் வருகிற உயரத்துக்கு.

தன் மோட்டார் சைக்கிளை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தான். அவன் பின்னால் இதுவரை யாரும் உட்கார்ந்து வந்ததில்லை; பின்னால் வருகிறவர்கள் கால் வைக்கிற கட்டைகள் மடக்கினது மடக்கினபடியே இறுகிப்போயிருந்தன. குனிந்து, இடது பக்கக் கட்டையைக் கையாலேயே இறக்கினான். சுற்றிப் போய் வலது பக்கக் கட்டையையும் இறக்கினான். சீட்டின் பின்பாதியைச் சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தான்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"ஏறிக்கோங்க" என்றான், கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. அவன் ஒரு காலை ஊன்றிச் சமாளித்தான். ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, முன்னால் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, பின்னால் இருப்பவருக்கு இடம் விட்டான். பிறகு, சட்டையின் முதுகுப் பக்கம் ஈரம் ஏறுவதைப் பொறுத்துக்கொண்டு, மேடு பள்ளம் வருகிற இடத்திலெல்லாம் நிதானமாக ஏற்றி இறக்கிக்கொண்டு ஓட்டிப் போனான்.